எழுதியவர் போன பிறகு

சம்பளமின்றி, ஓய்வு நேரத்தில், ஒருவரையொருவர் நேரில் கண்டறியாத பலர் கூடி உருவாக்கும் கணினி விளையாட்டுகளில் புதிய அம்சங்களுக்கே முதலிடம் தரவேண்டும், பழையதைப் பழுதுபார்த்துப் பேணுவது, ஆள் கிடைத்து நேரமும் மிஞ்சினால், பின்னர் கவனிக்கவேண்டிய காரியம் என்பது, அந்த வட்டாரங்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட சித்தாந்தமாகிவிட்டது. இதை வாய்விட்டுச் சொல்லுகிறவர்கள் சிலர். சொல்லாமலே இதன்படி நடக்கிறவர்கள் மிகப் பலர். இந்தச் சித்தாந்தம் பிழையானது என்பதும், தன்னார்வ உழைப்பு என்று அதன் ஆதரவாளர்கள் எதைத் தங்கள் பெரிய பிரமாணமாகக் காட்டுகிறார்களோ அதுவே அதற்கு எதிரான முதற் சாட்சி என்பதும் என் கட்சி.

எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடும் முதலில் சொல்லிவிடுவது நியாயம். கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு மேலதிகாரி இருக்கிறார், மாதச் சம்பளம் இருக்கிறது. சலிப்பூட்டும் வேலையானாலும் அவன் செய்தே தீரவேண்டும். கட்டற்ற மென்பொருளாக ஒரு விளையாட்டை ஆக்குகிறவனுக்கோ ஆனந்தம் ஒன்றே கூலி. புதியதோர் அரக்கனையோ, புதியதோர் ரயில் என்ஜினையோ படைத்துத் திரையில் நடமாடவிட்டுப் பார்ப்பதில் உள்ள ஆனந்தம், என்றோ எவரோ எழுதிவைத்த நிரலுக்குள் புகுந்து ஒரு வழுவைத் தேடுவதில் கிடைக்காது. ஆகவே அவனை விரும்பியதைச் செய்ய விடுங்கள். குறுக்கே நின்றால் எழுந்து போய்விடுவான். மேலும், விளையாடுகிறவர்கள் புதுமையை நாடி வருகிறவர்கள். அவர்களிலிருந்தே நாளைய நிரலாளர்களும் ஓவியர்களும் தோன்றவேண்டும். எனவே புதுமை நின்றால் வரத்து நிற்கும், வரத்து நின்றால் திட்டம் வறண்டு போகும். மூலநிரல் எல்லோருக்கும் திறந்து கிடப்பதால், இன்று நேர்ந்த குறையை நாளை யாரேனும் ஒருவர் தீர்த்துவைப்பார். புதுமையை நிறுத்திய திட்டத்தின் கதி என்னவென்று அறிய வேண்டுமானால் நெட்ஹேக் என்ற விளையாட்டைப் பாருங்கள்: 2003 டிசம்பரில் 3.4.3 என்ற பதிப்பு வெளிவந்தது. அடுத்த பதிப்பாகிய 3.6.0 வெளிவந்தது 2015 டிசம்பரில். இடையில் பன்னிரண்டு ஆண்டு மௌனம்.

கேட்பதற்கு இதெல்லாம் இசைவாகவே இருக்கிறது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த வாதத்தின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே இழுத்துப் பார்க்கவேண்டும்.

1. புதிதாக ஒன்றும் சேர்க்காவிட்டால் விளையாட்டு இருந்த இடத்திலேயே இருக்கும் என்று யார் சொன்னது? பராமரிப்பைத் தள்ளிப்போடலாம் என்கிறவர்கள், தாங்கள் கவனிக்காத நாளில் நிரல் அசையாமல் கிடந்து தங்களுக்காகக் காத்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பயனில் இருக்கும் மென்பொருள் சூழ்நிலைக்கேற்ப இடைவிடாமல் மாற்றப்பட்டு வரவேண்டும், இல்லையேல் அதன் பயன் குறைந்துகொண்டே போகும் என்பதையும், மாற்ற மாற்ற அதன் சிக்கல் பெருகும், அதைத் தணிப்பதற்கென்றே தனியாக உழைத்தாலன்றி அது தணியாது என்பதையும் மேயர் லேமன் என்ற அறிஞர் 1974-ஆம் ஆண்டிலேயே நியதிகளாக வகுத்துவிட்டார். அவர் ஆராய்ந்தது ஐபிஎம் போன்ற பெரிய ஸ்தாபனத்தின் மென்பொருளை. தன்னார்வலர் விளையாட்டுகளில் அந்த நியதி இன்னும் கடுமையாகச் செல்லுபடியாகிறது, ஏனெனில் அவை பிறர் எழுதிய எத்தனையோ அடுக்குகளின்மேல் நிற்கின்றன, அந்த அடுக்குகளில் ஒன்றின்மீதும் அவற்றுக்கு அதிகாரம் கிடையாது.

டேவிட் ஒயிட் 2003-இல் தொடங்கிய ‘பேட்டில் ஃபார் வெஸ்நோத்’ என்ற போர்த்தந்திர விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் படம் வரையவும் ஒலி எழுப்பவும் விசைப்பலகையைக் கேட்கவும் அது எஸ்.டி.எல் என்ற பொது லைப்ரரியை நம்பியிருக்கிறது. 2013-இல் எஸ்.டி.எல் 2 வந்தது, பழைய 1.2-க்கு எழுதிய நிரல் அதில் அப்படியே ஓடாது. அந்த மாற்றத்தை முடித்து, எஸ்.டி.எல் 2-இன்மேல் நிற்கும் 1.14 என்னும் நிலைப்பதிப்பை வெஸ்நோத் வெளியிட்டபோது 2018 மே மாதம் ஆகிவிட்டது. இதற்கிடையில், 2017-இல், வெஸ்நோத்தும் ஃப்ரீசிவ் என்ற மற்றொரு விளையாட்டும் தங்கள் வழுக்களைப் பதிந்துவைத்திருந்த ‘க்னா’ என்ற தளமே மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கான பதிவுகளை வேறிடத்துக்குக் குடியேற்ற வேண்டியிருந்தது. 2019 அக்டோபரில் வந்த மேக் இயங்குதளம் 32-பிட் நிரல்களை ஏற்க மறுத்தது. 2020 ஜனவரி முதல் நாளோடு பைத்தான் 2-க்கு ஆதரவு முடிந்தது. இவற்றில் ஒன்றையும் எந்த விளையாட்டாளரும் கேட்கவில்லை, எந்தத் தன்னார்வலரும் விரும்பவில்லை; ஆயினும் ஒவ்வொன்றும் யாரோ சிலருடைய ஓய்வு நேரத்தை விழுங்கியே தீர்ந்தது.

பண்டைய பேரரசுகளின் போரைச் சித்திரிக்கும் ‘ஜீரோ ஏ.டி.’யின் வரலாறு இன்னும் தெளிவான படிப்பினை தருவது. அதன் 23-ஆம் ஆல்ஃபா 2018 மே மாதத்தில் வந்தது; 24-ஆம் ஆல்ஃபா 2021 பிப்ரவரியில். அந்த இடைவெளியில் நடந்த பெரிய வேலைகளுள் ஒன்று, விளையாட்டின் விதிகளையும் திரைகளையும் இயக்கும் ஸ்பைடர்மங்கி என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொறியை, அது பயர்பாக்ஸ் உலாவியோடு ஓடிப்போய் எங்கேயோ நின்றுகொண்டிருந்த காரணத்தால், பல பதிப்புகளைத் தாண்டி மேலே ஏற்றியது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அந்த ஆண்டுகள் வெறும் தாமதமாகத் தோன்றும். உள்ளே இருந்தவர்கள் உறங்கிக்கொண்டிருக்கவில்லை.

2. கடன் என்கிறீர்கள், அதைத் தீர்ப்பவர் யார்? “இப்போது அவசரமாகச் சேர்த்துவிடுவோம், சீர்திருத்தத்தைப் பின்னர் பார்த்துக்கொள்வோம், எல்லா மென்பொருளிலும் கொஞ்சம் கடன் உண்டுதானே” என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். இந்தக் கடன் உவமையை 1992-இல் முதன்முதலாகச் சொன்ன வார்ட் கன்னிங்ஹாம் வேலை பார்த்தது நிதி நிறுவனங்களுக்கான மென்பொருளில். அங்கே கடன் வாங்கும் நிறுவனமும் திருப்பிக் கட்டும் நிறுவனமும் ஒன்றே. வட்டி ஏறினால் நோவது வாங்கினவனுக்கே. தன்னார்வத் திட்டத்திலோ, ஓர் இளைஞர் ஒரு கோடை விடுமுறையில் உற்சாகத்தோடு ஓர் அம்சத்தை எழுதிச் சேர்க்கிறார், அடுத்த ஆண்டு அவருக்கு உத்தியோகம் கிடைக்கிறது, கலியாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, அவர் போய்விடுகிறார். போனது குற்றமில்லை; போகும் உரிமை இல்லையென்றால் அது தன்னார்வமே இல்லை. ஆனால் அவர் எழுதியது போவதில்லை. அதிலிருந்து எழும் ஒவ்வொரு புகாரும், அந்த அம்சத்தைக் கேட்காத, எழுதாத, ஒருவேளை விளையாடிக்கூடப் பார்க்காத மற்றொருவரின் வாசலில் வந்து நிற்கிறது. பத்திரத்தில் கையெழுத்திட்டவர் ஒருவர், வட்டி கட்டுகிறவர் வேறொருவர் என்றால், அதைக் கடன் என்று சொல்வது கடன் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் செய்யும் அவமரியாதை.

விளையாட்டுகளில் இந்தப் பளு மற்ற மென்பொருள்களைவிட அதிகம் என்பதைப் புதுமைக் கட்சியார் ஒருபோதும் கணக்கிடுவதில்லை. கிறிஸ் சாயர் ஆக்கிய ‘டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்’ என்ற 1995-ஆம் ஆண்டு விளையாட்டைத் தழுவி 2004-இல் தோன்றிய ‘ஓப்பன்டிடிடி’யில் பலர் ஒன்றுகூடி ஆடும்போது, உலகம் முழுவதும் ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியே கணிக்கப்படுகிறது, வலையின் வழியே போவது ஆடுபவர்களின் கட்டளைகள் மாத்திரமே. ஆகவே எல்லாக் கணினிகளும் ஒரே விடைக்கு, கடைசி இலக்கம் வரை ஒரே விடைக்கு, வந்தாகவேண்டும். புதிய அம்சம் ஒன்று எங்கேயோ ஓர் எண்ணை மாற்றி எண்ணிவிட்டால், ஒரு கணினியின் உலகம் மற்றவற்றின் உலகத்திலிருந்து பிசகிப் போய், அந்த ஆட்டக்காரர் வெளியே தள்ளப்படுகிறார். பிசகு நிகழ்ந்த இடத்துக்கும் அது வெளிப்படும் இடத்துக்கும் நடுவே பல மணி நேர ஆட்டம் கிடக்கலாம். அதோடு, அந்த விளையாட்டு தன் பழைய பதிப்புகளில் சேமித்த ஆட்டங்களையும், மூல விளையாட்டில் சேமித்தவற்றையும்கூட, திறந்து தரும் பெருமை உடையது. பெருமைதான்; ஆனால் அதன் பொருள் என்னவென்றால், சேமிப்புக் கோப்பில் ஒருமுறை இடம்பெற்ற எந்த அம்சத்தையும் பின்னாளில் நீக்கினாலும், அதைப் படித்து மொழிபெயர்க்கும் நிரலை நீக்க முடியாது. அம்சம் செத்தாலும் அதன் சிராத்தம் ஆண்டுதோறும் நடந்துகொண்டே இருக்கவேண்டும்.

சமநிலையைப் பாருங்கள், அதாவது, ஆட்டத்தில் ஒருவர்க்கொருவர் அநியாயமாக அனுகூலம் கிடைக்காமல் அளவு நிறுத்தும் வேலையை. வெஸ்நோத்தின் வழக்கமான பலர் ஆட்டத்தில் 6 அணிகள் உண்டு. ஒவ்வொன்றும் தன் இனத்தோடும் பிற ஐந்தோடும் மோதக்கூடும் என்பதால் 21 விதமான மோதல்கள் ஆகின்றன. ஏழாவது அணி ஒன்றைச் சேர்த்தால் அது 28 ஆகிறது. வரைபடங்கள் எத்தனையோ அத்தனையால் இதைப் பெருக்கிக்கொள்ளவேண்டும். ஓர் அணியைப் படைத்தவர் தம் வேலை முடிந்தது என்று எண்ணும்போது, அளவு பார்க்கிறவரின் வேலை ஏழு புதிய மோதல்களோடு தொடங்குகிறது. டியூன்ஃபோக் என்ற அணி வந்தபோது வெஸ்நோத்தார் அதைப் பழைய ஆறோடு கலந்துவிடாமல் தனித் தொகுதியாக வைத்தது, இந்தக் கணக்கை அறிந்தவர்களின் விவேகம் என்றே கருதுகிறேன். ஓவியர், இசைஞர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோர் மேல் விழும் பங்கை இங்கே விரிக்கவில்லை. ஒரு புதிய வாக்கியம் ஆங்கிலத்தில் சேர்ந்தால் அது எத்தனை மொழிகளில் அரைகுறையாக நிற்கிறது என்பதை எந்த மொழிபெயர்ப்பாளரும் சொல்வார்.

அபாயமும் உண்டு. கணினியே ஆடும் எதிராளியின் புத்தியைப் பைத்தானில் எழுதலாம் என்றொரு வசதி ஒரு காலத்தில் வெஸ்நோத்தில் இருந்தது. சுவையான வசதி. வெளியார் எழுதிய நிரல் கணினிக்குத் தீங்கு செய்யாமலிருக்க அதற்கு ஒரு வேலியும் போட்டிருந்தார்கள். அந்த வேலியைத் தாண்டி எந்த நிரலையும் ஓட்டிவிடலாம் என்பது 2009-இல் தெரியவந்தது. பரிகாரமாக அந்த வசதியே அகற்றப்பட்டது. கேளிக்கைப் பொருள்தானே, இதில் என்ன அபாயம் என்று கேட்பவர்கள், அந்தக் கேளிக்கைப் பொருள் பிறர் எழுதிய படையெடுப்புகளையும் வரைபடங்களையும் சர்வரிலிருந்து இறக்கித் தம் கணினியில் ஓட்டுகிறது என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

3. தன்னார்வலருக்குக் கட்டளையிட முடியாது என்றால், யாருக்குக் கட்டளையிட முடியாது? புதுமையை எழுத வருகிறவருக்கு மட்டுந்தானா? பராமரிக்கிறவரும் தன்னார்வலர்தானே! இந்த வாதத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். அதை ஒருவரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. ஓர் அம்சத்தை ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், இன்னும் வந்து சேராத, பெயர் தெரியாத ஒருவருக்கு ‘இதை நீ பார்த்துக்கொள்’ என்று கட்டளை பிறப்பிக்கப்படுகிறது. கட்டளையே கூடாது என்பவர்கள் இந்தக் கட்டளையை மாத்திரம் தாராளமாக இடுகிறார்கள், ஏனெனில் கேட்கவேண்டியவர் எதிரில் நிற்கவில்லை.

ஒருவரை ஒரு வேலையைச் செய் என்று நிர்ப்பந்திக்க முடியாது என்பது முற்றிலும் உண்மை. ஆனால் அதிலிருந்து, அவர் செய்து கொண்டுவந்ததை எல்லாம் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும் என்ற முடிவு எப்படிப் பிறக்கும்? ஏற்பதும் மறுப்பதும் வேறு அதிகாரம். அது திட்டத்தின் வாசலில் நிற்பவர்களுடையது. கட்டற்ற உரிமம் யாருக்கும் எந்த நிரலையும் எடுத்து மாற்றித் தனியே வெளியிடும் சுதந்திரத்தைத் தருகிறதே தவிர, அதைப் பொதுப் பதிப்பில் சேர்த்து மற்றவர்களைச் சுமக்கவைக்கும் சுதந்திரத்தைத் தரவில்லை.

பராமரிப்பில் ஆனந்தமில்லை என்பதும் செய்து பார்க்காதவர்களின் பிரமை. தன்னார்வலர் எவரும் தம் சொந்த அரிப்பைத் தீர்த்துக்கொள்ளவே நிரல் எழுதுகிறார்கள் என்ற கருத்தை 1997-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையால் உலகெங்கும் பரப்பியவர் எரிக் ரேமண்ட். அவர் வெஸ்நோத்தில் வந்து சேர்ந்தபோது செய்த வேலைகளில் முக்கியமானது ஒன்று, பயனர்கள் எழுதிவைத்த பழைய படையெடுப்புகளைப் புதிய பதிப்பின் இலக்கணத்துக்கு ஏற்றாற்போல் தானாகவே திருத்திக் கொடுக்கும் ‘டபிள்யு.எம்.எல்.லின்ட்’ என்ற கருவி. அப்பட்டமான பராமரிப்பு வேலை! புதுமைக் கட்சியார் தங்கள் குருவாகக் கொள்ளும் மனிதரே அரிப்பெடுத்துச் செய்தது அதுதான் என்றால், பராமரிப்பைத் தண்டனையாகச் சித்திரிப்பதை அவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். அவ்வேலையில் விருப்பமுள்ளவர்கள் இருக்கிறார்கள். பதிப்பு வெளியாகும் நாளில் புதிய அம்சங்களின் பட்டியல் முதற்பக்கத்திலும், தீர்க்கப்பட்ட வழுக்கள் ஒரு நீண்ட கோப்பின் அடியிலும் போடப்படுவதைக் கண்டு கண்டு அவர்கள் ஓய்ந்து போகிறார்கள். அவர்களுடைய ஆனந்தத்தைக் கெடுத்துவிட்டு, அது அவர்களுக்கு இயற்கையிலேயே இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

4. புதுமையே ஆட்களைக் கொண்டுவருகிறது என்கிறார்களே, எவ்வகை ஆட்களை, எவ்வளவு காலத்துக்கு? முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ என்ற கார்ப்பந்தய விளையாட்டு 2019 ஏப்ரலில் தன் 1.0 பதிப்பில் வலைவழி ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது அது உண்மையாகவே ஒரு பெரிய அழைப்பாக அமைந்தது. ஆனால் அதை வெளியிடுவதற்கு முன் அந்தக் குழுவினர் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள் என்பதை மறக்கக்கூடாது. அரைகுறையாக 2014-இலோ 2015-இலோ நுழைத்திருந்தால், வந்தவர்கள் ஒரு பந்தயம் ஆடி, நடுவில் அறுந்துபோன இணைப்பைச் சபித்து, திரும்பியே வந்திருக்கமாட்டார்கள்.

ஓப்பன்டிடிடியின் 1.0.0 பதிப்பு 2010 ஏப்ரலில் வந்தது. அதன் விசேஷம் என்ன? மூல விளையாட்டின் வட்டிலிருந்து படங்களையும் ஒலிகளையும் எடுத்துவைக்கவேண்டிய நிர்ப்பந்தம் நீங்கி, தன்னார்வலர் ஆக்கிய சொந்தப் படங்களோடும் ஒலிகளோடும் அதை ஆட முடிந்ததுதான். ஏற்கெனவே இருந்த ஒவ்வொரு வீட்டையும் வண்டியையும் மரத்தையும் மறுபடியும் வரைந்த பொறுமைக்குக் கிடைத்த பயன் அது. அதனை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

இனி, புதிதாக வரும் நிரலாளரைப் பற்றி. அவர் உள்ளே நுழையும் வழி அநேகமாக ஒரு சிறு வழுதான். தாம் ஆடும்போது தம்மை உறுத்திய ஏதோ ஒன்று. நிரலைத் திறக்கிறார். அங்கே கைவிடப்பட்ட மூன்று அம்சங்களின் எச்சங்கள் ஒன்றையொன்று பின்னிக் கிடந்து, எதை அசைத்தால் எது விழும் என்று சொல்ல ஆளில்லாவிட்டால், மூடிவைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் வந்ததும் போனதும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. புதுமையால் வந்தவர்களை எண்ணிக் காட்டுகிறவர்கள், சிக்கலைக் கண்டு திரும்பியவர்களை எண்ணுவதற்கு வழியில்லாததாலேயே அவர்கள் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

கூகுள் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் கோடைக்காலத் திட்டம் இங்கே நினைக்கத்தக்கது. புதியவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, ஒரு கோடையில் ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு ஒரு வேலை செய்துதரச் செய்கிறார்கள். வெஸ்நோத் உட்பட விளையாட்டுகளும் அதில் பங்குபெற்றிருக்கின்றன. நல்ல காரியங்கள் பல அதனால் நடந்திருக்கின்றன. ஆனால் அதன் அமைப்பே, தொடக்கமும் முடிவும் உள்ள, காட்டத்தக்க, புதிய வேலையை நாடுவது. கோடை முடிந்து தொகையும் வந்த பின், அந்த நிரலை அடுத்த ஐந்து கோடைகளுக்கு வைத்துக் காப்பவருக்கு அந்தத் தொகையில் சல்லிக்காசு கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெளியுலகத்தின் ஊக்கமெல்லாம் ஏற்கெனவே புதுமையின் பக்கம் சாய்ந்திருக்க, உள்ளே இருக்கிறவர்களும் அதே பக்கம் சாய்ந்தால் கவிழாமல் என்ன செய்யும் என்றுதான் கேட்கிறேன்.

5. அந்த ‘யாரேனும் ஒருவர்’ யார்? மூலநிரல் திறந்திருக்கிறது, ஆகவே யாரேனும் திருத்துவார் என்பது, வாசல் திறந்திருக்கிறது, ஆகவே வீடு தானே கூட்டப்படும் என்பதற்கு ஒப்பானது. 2024 மார்ச்சில் எக்ஸ்.இஸட் என்ற சுருக்கக் கருவியில் நடந்ததை இத்துறையில் இருப்பவர்கள் மறந்திருக்க முடியாது. எண்ணற்ற லினக்ஸ் கணினிகளில் உறைந்திருந்த அந்தச் சிறு நிரலை ஆண்டுக்கணக்கில் காத்துவந்தவர் ஏறக்குறைய தனி மனிதர். வேலை மெதுவாக நடக்கிறது, பேட்சுகள் தேங்கிக் கிடக்கின்றன என்று அவரைப் பலர் நெருக்கினார்கள். களைத்துப்போன அவருக்கு உதவி செய்வதாக வந்த ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக உழைத்து, நம்பிக்கையும் அதிகாரமும் பெற்று, உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். அது பரவுமுன் வேறொரு பொறியாளர் கண்ணில் பட்டது, கணினி சற்றே மெதுவாக இயங்குவதை அவர் சந்தேகித்ததால். அது விளையாட்டு இல்லைதான். ஆனால் தன்னார்வத் திட்டத்தில் பளு எப்படிச் சிலர் தோளில் குவிகிறது என்பதற்கும், அந்தத் தோளைப் பார்த்து ‘இன்னும் வேகமாக’ என்று கூவுவதன் விளைவு என்ன என்பதற்கும் வேறு சாட்சி வேண்டியதில்லை.

6. நெட்ஹேக் செத்தா போயிற்று? பன்னிரண்டு ஆண்டு மௌனத்தைப் பூச்சாண்டியாகக் காட்டுகிறார்களே, அந்தப் பன்னிரண்டு ஆண்டில் நடந்தது என்ன? பொதுச் சர்வர்களில் 3.4.3 இடைவிடாமல் ஆடப்பட்டது. ஆண்டுதோறும் போட்டிகள் நடந்தன. அசையாமல் நின்ற அந்த மூலத்தை அடித்தளமாகக் கொண்டு அன்நெட்ஹேக் முதலிய கிளைவடிவங்கள் தங்கள் விருப்பம்போல் புதுமை செய்தன. அவற்றில் நன்றாக வந்த சில பின்னர் மூலத்துக்கே திரும்பி வந்தன. மூலக் குழுவினர் வெளியுலகோடு பேசாமல் இருந்தது குற்றம் என்று ஒப்புக்கொள்கிறேன்; ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறையேனும் வழுத்தீர்த்த பதிப்பு ஒன்று வந்திருக்கவேண்டும். ஆனால் அது பராமரிப்பின் குறை. புதுமைக் கட்சியார் அதைத் தங்கள் வரவில் எழுதிக்கொள்ள உரிமை இல்லை.

புதுமை மையத்தில்தான் நிகழவேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. ஓப்பன்டிடிடிக்கு ஜே.ஜி.ஆர். பேட்ச்பேக் என்ற பெயரில் ஒரு கிளைவடிவம் இருக்கிறது. முதன்மைத் திட்டம் ஏற்காத எத்தனையோ அம்சங்களை அது தாங்கி நிற்கிறது. அவற்றை விரும்புகிறவர்கள் அங்கே ஆடுகிறார்கள், அவற்றின் பளு அவற்றை விரும்பி ஏற்றவர்களிடமே இருக்கிறது. இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

குறைப்பதும் விருத்தியே என்பதற்கு ‘டஞ்சன் கிரால் ஸ்டோன் சூப்’ இருக்கிறது. 2006-இல், தேங்கிப்போன ஒரு பழைய விளையாட்டிலிருந்து பிரிந்து தோன்றிய அது, ஆட்டத்துக்குச் சுவை கூட்டாமல் வெறும் சடங்காக நிற்பவற்றை ஈவிரக்கமின்றிக் களைவதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. 2021 ஜனவரியில் வந்த 0.26 பதிப்பில் உணவும் பசியும் அடியோடு நீக்கப்பட்டன. தொடக்கத்திலிருந்தே அந்த வகை விளையாட்டுகளின் இலக்கணமாகக் கருதப்பட்டவை! கூக்குரல் எழுந்தது. எழட்டும். அந்தப் பதிப்பிலிருந்து, பசியைப் பற்றிய ஒரு வழுவையும் யாரும் தீர்க்கவேண்டியதில்லை.

7. ‘சரி, பாதிக்குப் பாதி’ என்று சமாதானம் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உழைப்பைப் பகிர்ந்து ஒதுக்கும் அதிகாரம் உள்ள இடத்தில்தான் பாதிக்குப் பாதி என்பதற்கு அர்த்தமுண்டு. தன்னார்வத் திட்டத்தில் யாரும் யாருடைய மாலை நேரத்தையும் இரண்டாகப் பங்கிட முடியாது என்பதை நீங்களே சொன்னீர்கள். கையில் இருக்கும் ஒரே கருவி வாசற்கதவு. அதை எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பதில்தான் திட்டத்தின் ஆயுள் இருக்கிறது. வெஸ்நோத் தன் பதிப்பெண்களில் ஒற்றைப்படையைச் சோதனைக்கும் இரட்டைப்படையை நிலைப்பதிப்புக்கும் வைத்து, நிலைப்பதிப்பு நெருங்கும்போது புதியவற்றுக்குக் கதவடைப்பது இத்தகைய ஒழுங்கு. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்து மாணவர் மூவர் 1996 ஜனவரியில் வெளியிட்ட ஃப்ரீசிவ்வை அந்த மூவரும் வெகு சீக்கிரத்திலேயே பிறர் கையில் விட்டுச் சென்றார்கள். இன்றும் அது வெளிவந்துகொண்டிருக்கிறது. அதைக் காத்தவர்கள் தொடங்கியவர்கள் அல்லர்.

நிரலைச் சேர்க்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்குமானால், உங்களிடம் என் வேண்டுகோள் சுருக்கமானது. புதிய அம்சத்தோடு ஒருவர் வந்து நிற்கும்போது, அது எவ்வளவு அழகாயிருக்கிறது என்பதைப் பார்க்குமுன், அதை அடுத்த நிலைப்பதிப்பு வரையிலும் அதற்கு அடுத்ததன் வரையிலும் யார் பார்த்துக்கொள்வார் என்று கேளுங்கள். எழுதியவரே ஒப்புக்கொண்டாலும், அவரோடு இன்னொருவரும் அந்நிரலைப் படித்துப் புரிந்துகொண்டு பெயர் கொடுக்கட்டும். சோதனைப் பதிப்பில் இருக்கும் காலத்துக்குள் பொறுப்பாளர் விலகி, வேறொருவரும் முன்வராவிட்டால், நிலைப்பதிப்புக்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள்; பின்னால் எடுத்தால் இன்னும் வலிக்கும். மறுப்பதானால் முதல் வாரத்திலேயே, காரணத்தோடு, மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஆறு மாதம் காக்கவைத்து மறுப்பது கொடுமை. வழுத்தீர்த்தவர்களின் பெயர்களை அறிவிப்பின் முதற்பக்கத்தில் போடுங்கள். பொறுப்பாளர் யார் என்ற கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக வந்தால் கதவைத் திறவுங்கள். ‘யாராவது’ என்று வந்தால் திறக்காதீர்கள்.